நட்சத்திரமில்லாத கேள்வி

நூற்றைம்பது சொல்லுக்குள் கேட்க வேண்டும்.
வாதம் கூடாது. ஊகம் கூடாது.
எள்ளல் கூடாது, அடைமொழி கூடாது.
பதினைந்து நாள் முன்பே போய்ச்சேர வேண்டும்.
விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில்
என் டீ டம்ளரின் வட்டம் காய்ந்திருக்கிறது.

திருத்துறைப்பூண்டியில், உரக்கடைக்கு மேல் மாடியில்
எங்கள் உறுப்பினரின் அலுவலகம்.
கேட்கிறவர் அவர். எழுதுகிறவள் நான்.
ஏழு வருஷத்தில் எழுதியது பாதிக்குமேல் தண்ணீர்:
கல்லணையில் திறந்தது எத்தனை கன அடி,
கடைமடைக்கு வந்தது எத்தனை.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்,
மிச்சத்தை அந்த இடைவெளி பேசும்.

இந்த முறை தண்ணீர் இல்லை.

உலகநாதன் மனு கொண்டுவந்தார்.
சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்து பதினாறு பேர்,
மூடிக்கிடந்த கோழிக் கொட்டகையில் தங்கியிருந்தவர்கள்.
புரட்டாசிக் காலையில் ஒரு வேன் வந்து
அவர்களைக் கரையேறச் சொன்னது.
பத்து விரல், இரண்டு கண்,
முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
வங்காளமா வங்கதேசமா என்று பார்க்கணுமாம்.
“ஒருநாள் நடவு போச்சும்மா, நாத்து முத்திடுச்சு”
என்பதுதான் அவர் மனு.

தபஸ் மாஜி என்கிறவனின் கட்டைவிரலை
மெஷின் நாலு தடவை மறுத்ததாம்.
சேற்றில் ஊறி வெளுத்த விரல்.
“துடைச்சிட்டு வை” என்றிருக்கிறார் ஏட்டு.
அவன் மேல் உலர்ந்த துணி என்று எதுவுமில்லை.
வரப்பில் நின்ற உலகநாதன் தன் துண்டைக் கொடுத்தார்.
திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.
அது பரிவா, அருவருப்பா
என்று கேட்க (அ)விலும் இடமில்லை, (ஆ)விலும் இல்லை.

முத்துப்பேட்டையில் எங்கள் தெருவில்
வீட்டுக்கொருவன் கடல் தாண்டி விரல் வைத்திருக்கிறான்.
என் தம்பி சர்புதீன் கோலாலம்பூரில் வைத்தான்,
வைத்ததைப் பெருமையாகப் போனில் சொன்னான்.
நானும் சிரித்தேன்.
அந்த விரல்கள் எங்கே போயின என்று
அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

எழுதினேன்:
(அ) இதுவரை எத்தனை பேரிடம் எடுக்கப்பட்டது;
(ஆ) எந்தச் சட்டப்பிரிவின் கீழ்;
(இ) எங்கே, எத்தனை ஆண்டு வைத்திருக்கப்படும், யார் பார்க்கலாம்;
(ஈ) ஊர் திரும்பியவர்களின் பதிவு அழிக்கப்படுமா;
(உ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் யாவை?

தண்ணீர் மேலிருந்து கீழே வரும்.
ஒவ்வொரு ஷட்டரிலும் ஒரு லஸ்கர் உண்டு,
திறந்தது எத்தனை இஞ்ச் என்று நோட்டில் குறிப்பார்,
பொய்யாகவாவது குறிப்பார்.
இது கீழேயிருந்து மேலே ஏறுகிற பாய்ச்சல்.
வழியில் மதகு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

குலுக்கலில் நட்சத்திரம் விழவில்லை.
விழுந்திருந்தால் அமைச்சர் எழுந்து நின்று சொல்லியிருப்பார்,
இவர் மடக்கி இன்னொன்று கேட்டிருப்பார்.
கார்த்திகையில் காகிதமாக வந்தது, ஒரே வரி:
தகவல் திரட்டப்பட்டு வருகிறது,
அவையின் மேசையில் வைக்கப்படும்.

திரட்டுவதைப் பற்றிக் கேட்டதற்குத்
திரட்டுகிறோம் என்று பதில்.
(இது எள்ளல் இல்லை. படியெடுத்தது.)

அதற்குள் பதினாறு பேரும் ரயிலேறிவிட்டார்கள்.
வேன் வந்த நாளின் சாப்பாட்டுக் காசை
ஏஜெண்ட் பிடித்துக்கொண்டானாம்.
அதை டெல்லியில் கேட்க முடியாது, அது மாநில விஷயம்.

ஆனால் அந்த ஒரு வரி
விதிப்படி ஓர் உறுதிமொழி.
மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும்,
இல்லையென்றால் ஏன் என்று கேட்க ஒரு குழு இருக்கிறது.
குழுவிலும் தேநீர் குடிப்பார்கள், தேதி தள்ளுவார்கள்,
எனக்கும் தெரியும்.

உரக்கடை கொடுத்த காலண்டரில்
பங்குனியில் ஒரு தேதியை வட்டமிட்டேன்.
அப்போது உளுந்து காய் முற்றியிருக்கும்.
ஷட்டரெல்லாம் இறக்கியிருக்கும்,
லஸ்கருக்கு வேலை இருக்காது.
எனக்கு இருக்கும்.